கடலைப் பார்த்துத் திரும்பிய கப்பல்

அத்தியாயம் ஏழு

"பேய்க்கு இவ்வளவு ஒழுக்கம் இருக்கும்னு எனக்குத் தெரியாது மேடம்!"

ஏணியின் உச்சியில் இருந்து உதவியாளன் பிரெபென் குரல் கொடுத்தான். அவன் எடைக்கு அந்த ஏணி முனகியது.

கீழே நின்ற துப்பறிவாளர் தீரா மூங்க், பற்ற வைக்காத சுருட்டை வாயின் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினாள். தேவாலயத்துக்குள் புகை கூடாது. சும்மா கடித்துக்கொண்டிருக்கலாம்.

"உளறாதே. பார்த்ததைச் சொல்லு."

"கொடி இறங்கியிருக்கு."

"என்ன கொடி?"

"கப்பலோட பின்பக்கம் ஒரு குட்டிக் கொடிக்கம்பம் இருக்கு. அதுல நம்ம நாட்டுக் கொடி மேல பறக்கணும். பறக்கல. இறக்கி, அழகா சுருட்டி, நூலை எட்டு மாதிரி குறுக்கா சுத்திக் கட்டி வச்சிருக்கு. எங்கம்மா கூட என் துணியை இப்படி மடிச்சதில்ல."

தீரா நிமிர்ந்து பார்த்தாள். கூரையின் வளைவில் இருந்து இறங்கிய தடித்த இரும்புக் கம்பியில் அந்தக் கப்பல் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பாய்மரம், ஓர் ஆள் நீளம், கறுத்துப்போன மரம். ஸ்கார்விக் துறைமுகத்தின் மாலுமிகள் தாத்தா காலத்துக்கும் முன்னால் நேர்ந்துகொண்டு செய்து கொடுத்தது. அதன் மூக்கு என்றைக்கும் பீடத்தைப் பார்த்துதான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கோயில்பிள்ளை யெப்பே கதவைப் பூட்டியபோதும் அப்படித்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஜனங்கள் வந்து உட்கார்ந்து தலையைத் தூக்கியபோது, அது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலுக்கு நேர் எதிரே கடல்.

"போன தடவை திரும்பினது யுத்தத்துக்கு முந்தின குளிர்காலத்துல" என்றார் யெப்பே. தொப்பியைக் கையில் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார். "அந்த வாரம் ஒரு படகு போச்சு. எல்லாரும் திரும்பி வந்தாங்க. ஒருத்தனைத் தவிர. அது கடலைப் பார்த்தா ஓர் ஆளைக் கேக்குதுன்னு அர்த்தம்மா."

"எந்த ஆளை வேணும்னு பேர் சொல்லிக் கேக்குமா?" ஏணியில் இருந்தே கேட்டான் பிரெபென்.

"சிரிக்காதே தம்பி. நீ அதுக்குக் கீழ நிக்கல, பக்கத்துல நிக்கறே."

பிரெபென் வேகமாக இறங்கி வந்தான்.

வாசலில் பூட்ஸ் சத்தம். படகு முதலாளி ஆக்ஸெல் க்ரோ உள்ளே வந்தார். பனிமூட்டம் அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. தீராவைப் பக்கத்து நகரத்தில் இருந்து வரவழைத்தது அவர்தான்.

"கண்டுபிடிச்சாச்சா?"

"இப்பதான் ஏணி எடுத்தோம்" என்றாள் தீரா.

"அம்மா, எனக்கு நேரம் இல்ல. என் படகு ஃப்ரேயா பழுது பார்த்து முடிஞ்சு, சாயம் அடிச்சு, பொண்ணு மாதிரி நிக்குது. வெளியே ஹெரிங் மீன் கூட்டம் கூட்டமா போகுது. சாயங்காலம் தண்ணி ஏறும்போது கிளம்பணும். படகோட்டற இவெரும் அவன் ஆளுங்க மூணு பேரும் படகுத்துறைப் பாலத்துல உக்காந்துட்டு மாட்டேங்கறானுங்க. இவ்வளவு பெரிய மனுஷனுங்க, பொம்மைக் கப்பலுக்குப் பயந்து!"

"இவெர் என்னதான் சொல்றார்?"

"மனுஷக் கைதான் திருப்பிச்சுன்னு அந்தம்மா வாயால சொல்லட்டும், ஏறிடறோம்னு சொல்றான்."

"அப்ப நான் சொன்னா நாலு பேர் கடலுக்குப் போவாங்க."

"அதுக்குத்தானே கூப்பிட்டேன்!" சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே போனார்.

தீரா கப்பலைப் பார்த்தபடி நின்றாள். எங்கோ படகுகளை எச்சரிக்கும் பனிமூட்டச் சங்கு ஒரு தடவை ஊதியது. கப்பலின் நிழல் மட்டும் தரைக்கல்லில் லேசாக அசைந்தது. காற்று இல்லை.

"மேடம், எனக்கு இந்த இடம் பிடிக்கல" என்றான் பிரெபென் மெதுவாக. "பசிக்கும்போது பயமும் சேர்ந்து வருது."

"உனக்குப் பசி இல்லாத நேரம் எது? வா, மாடத்துக்குப் போவோம்."

வாசலுக்கு மேலே, ஆர்கன் இருக்கும் மரமாடம். படி ஒவ்வொன்றும் ஒரு குரலில் கத்தியது. தீரா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கையை நீட்டினாள். கப்பலின் மூக்கு அவள் விரலுக்கு எட்டியது.

"இப்ப எனக்கு எட்டறது மூக்கு. சனிக்கிழமை, கப்பல் பீடத்தைப் பார்த்து இருந்தப்போ, இங்க நின்ன ஆளுக்கு எது எட்டியிருக்கும்?"

"வால்."

"வால்ல என்ன இருக்கு?"

பிரெபெனின் வாய் திறந்தது. "கொடி!"

"ஏணி தேவையில்ல. இருட்டுல இங்க வந்து நின்னிருக்காங்க. திருப்பறதுக்காகக் கையை நீட்டியிருக்காங்க. முதல்ல கையில தட்டுப்பட்டது கொடி. அதை இறக்கிட்டாங்க."

"எதுக்கு? திருட வந்தவன் வீட்டைப் பெருக்கிட்டுப் போற மாதிரி இருக்கே."

"பொழுது சாஞ்ச பிறகு கொடி பறக்கலாமா?"

"ஐயோ, கூடவே கூடாது. ராத்திரியில பறந்தா சாத்தானுக்கு சல்யூட் அடிச்ச மாதிரின்னு எங்க மாமா..." பிரெபென் நிறுத்தினான். "ஆனா இது பொம்மைக் கொடி மேடம். நூறு வருஷமா ராப்பகலா பறக்குது. இதை யாரும் இறக்கறதில்லையே!"

"அதேதான். யோசிச்சிருந்தா இறக்கியிருக்க மாட்டாங்க. யோசிக்கவே இல்ல. பயத்துல மனசு எங்கயோ இருந்திருக்கு. கை தன் வேலையைப் பார்த்துடுச்சு. இருட்டு, கையில கொடி. இறக்கு, சுருட்டு, கட்டு. தினமும் அதைச் செய்யற கையா இருந்தாத்தான் அது நடக்கும்."

யெப்பே மாடப்படியின் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நிம்மதியா கவலையா என்று தெரியவில்லை.

"கோயில் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்றாள் தீரா.

"என்கிட்ட. போதகர்கிட்ட. அவர் சனிக்கிழமை ஊர்லயே இல்ல. அப்புறம்... கோபுரத்துல கப்பல்களுக்கு வழிகாட்டற விளக்கு இருக்குல்ல, அது துறைமுகத்தோட பொறுப்பு. அதை ஏத்தறவங்ககிட்ட ஒரு சாவி."

"உங்க வீட்ல கொடிக்கம்பம் இருக்கா?"

"பிறந்தநாளுக்கு ஏத்துவேன். என் விரலைப் பாருங்க." நீட்டினார். பத்து விரலும் பழைய வேர் மாதிரி முறுக்கியிருந்தன. "நூல்ல எட்டு போடற விரலாம்மா இது?"

வெளியே வந்ததும் தீரா சுருட்டைப் பற்ற வைத்தாள். தெரு முழுக்கத் தார் வாசனையும் புகைபோட்ட மீன் வாசனையும். பனிமூட்டத்தில் மஞ்சள் வீடுகள் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒரு கடற்பறவை கூடக் கத்தவில்லை.

"மேடம், இந்த ஊர்ல தினமும் கொடி ஏத்தி இறக்கற இடம் எது?"

"நீயே சொல்லு."

"விடுதிக்காரர் யாருக்காவது பிறந்தநாள்னாதான். பள்ளிக்கூடம் விசேஷத்துக்கு. தினமும்னா..." அவன் துறைமுகத்தின் பக்கம் பார்த்தான். பனிக்குள் ஓர் உயரமான கம்பம். அதன் உச்சியில் ஈரமாகத் தொங்கும் சிவப்பு.

"துறைமுக அலுவலகம். கொடியும் அங்கதான், கோபுர விளக்கும் அங்கதான்" என்றாள் தீரா.

துறைமுக அதிகாரி இறந்து சில வருஷம் ஆகிறது. புதிய அதிகாரி பக்கத்து ஊரில் இருந்து வந்து போகிறவர். கொடியும் விளக்கும் செத்துப்போனவரின் மனைவி ஆஸ்தாவின் கையிலேயே தங்கிவிட்டன. ஊரில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிற பெண்.

அவள் வீட்டு ஜன்னலில், தெருவைக் காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தீரா அதைக் கவனித்தாள். கண்ணாடிக்குள் ஒரு முகம் இவர்களைப் பார்த்தது. மறைந்தது. கதவைத் தட்டும் முன்பே கதவு திறந்தது.

"வாங்க. காபி ஊத்திட்டேன்."

"நாங்க வர்றது தெரிஞ்சுபோச்சா?" என்றான் பிரெபென். "இந்தக் கண்ணாடி இருக்கற ஊர்ல எங்க தொழில் ஓடாதுக்கா."

ஆஸ்தா சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேஜையில் காபி, கறுப்பு ரொட்டி, ஊறவைத்த ஹெரிங். நான்கு கோப்பை.

"நாலாவது யாருக்கு?" என்றாள் தீரா.

"என் பையன் மால்தேக்கு. மாடியில இருக்கான். உடம்பு சரியில்ல."

"வேலை?"

"படகு பழுது பார்க்கற இடத்துல. வசந்தகாலத்துலதான் சேர்ந்தான்."

மேலே ஒரு பலகை கிறீச்சிட்டது. பிறகு எதுவும் இல்லை. யாரோ நின்ற இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போல ஓர் அமைதி. பிரெபென் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

ஆஸ்தா ஜன்னலைப் பார்த்தாள். "பொழுது இறங்குது. கொடியை இறக்கணும். வந்துடறேன்."

"நாங்களும் வரோம்."

கம்பத்தின் அடியில் மூவரும் நின்றார்கள். ஆஸ்தா கயிற்றை அவிழ்த்தாள். கொடி இறங்கியது. அது தரையில் படும் முன்பே இடது அக்குளில் இடுக்கிக்கொண்டாள். சிவப்பு வெளியே தெரியும்படி சுருட்டினாள். கயிற்றை ஆணியில் எட்டு போட்டாள். கடைசிச் சுற்றை அடியில் சொருகினாள். இவ்வளவும் நடக்கும்போது அவள் கண் கயிற்றில் இல்லை. பாலத்தோரம் நிற்கும் ஒரு படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது நீலச் சாயம். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ஃப்ரேயா.

பிரெபென் குனிந்து முடிச்சைப் பார்த்தான். நிமிர்ந்து தீராவைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"சனிக்கிழமை கோயிலுக்குப் போனீங்களா ஆஸ்தா?" என்றாள் தீரா, வானிலையைக் கேட்பது போல.

ஆஸ்தாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"விளக்கு ஏத்தப் போனேன்."

"விளக்கு கோபுரத்துல இருக்கு. மாடத்துல இல்ல."

அவள் தீராவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"பேய்தான் திருப்பிச்சுன்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஃப்ரேயா போகக் கூடாது. அவ்வளவுதான்."

"ஏன் போகக் கூடாது?"

"கேக்காதீங்க."

"நாலு பேர் உயிர்னா கேட்டுத்தானே ஆகணும்?"

ஆஸ்தா வாயைப் பொத்திக்கொண்டாள். கோட்டை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பனிமூட்டம் அவளை விழுங்கியது.

"மேடம், விஷயம் தெளிவா இருக்கு" என்று கிசுகிசுத்தான் பிரெபென். "படகுல ஏதோ கோளாறு. முதலாளிக்குத் தெரியும். பழைய படகு, மூழ்கினா இன்ஷூரன்ஸ். பையன் கிட்ட வாயை மூடுன்னு சொல்லியிருக்கார். அம்மாக்காரிக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளியே சொன்னா பையன் ஜெயிலுக்குப் போவான். அதான் பேயை வேலைக்கு வச்சுக்கிட்டா."

"நானும் அதைத்தான் நினைக்கிறேன்."

"நீங்க என்னோட ஒத்துப்போறதுதான் இந்தக் கேஸ்லயே பயங்கரமான விஷயம்."

"ஆனா ஆதாரம்? நினைப்பு போதாது. ஆக்ஸெல் வாயில இருந்து வரவைக்கணும். பழுது பார்த்த படகு முதல் தடவை கிளம்பும்போது இந்தப் பக்கத்துல என்ன வழக்கம்?"

பிரெபென் விசிலடித்தான். "முதலாளி கூட ஏறி, அலைத்தடுப்பு தாண்டற வரைக்கும் போகணும். போகலைன்னா ஆளுங்க ஏற மாட்டாங்க."

"மூழ்கப் போற படகுன்னு தெரிஞ்சவன் ஏறுவானா, பார்ப்போம்."

பாலத்தில் இவெரும் மூன்று மீனவர்களும் காலியான பீப்பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இவெர் நெடிய ஆள். சிவப்புத் தாடியில் பனித்துளி. ஆக்ஸெல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தூரத்தில் யெப்பே. அவருக்குப் பின்னால் ஊரில் பாதி.

தீரா நடுவில் வந்து நின்றாள்.

"கண்டுபிடிச்சாச்சு. கப்பலைத் திருப்பினது மனுஷக் கை."

பெருமூச்சு ஒன்று கூட்டம் முழுக்கப் பரவியது. இவெர் எழுந்தான்.

"நிச்சயமா மேடம்?"

"பேய்க்குக் கொடி முடிச்சு போடத் தெரியாது."

"யாரு?"

"அதை அப்புறம் சொல்றேன்."

"எங்களுக்கு அது போதும்." இவெர் தன் ஆட்களைப் பார்த்தான். "டேய், எழுந்திருங்கடா. பொம்மைக் கப்பலை நம்பி ரெண்டு நாள் மீனை விட்டோம். வெளியே சொன்னா சிரிப்பானுங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். தீரா திரும்பினாள்.

"ஆக்ஸெல், பழுது பார்த்த படகு. முதலாளி முதல்ல ஏறணும் இல்லையா?"

எல்லார் கண்ணும் அவர் மேல். பிரெபென் ஒரு சாக்கை எதிர்பார்த்தான். இப்போது வயிற்றுவலி வரும், அவசர வேலை வரும், பெண்டாட்டி கூப்பிடுவாள்...

"ஏறாம?" என்றார் ஆக்ஸெல். "இதுக்கு ஒருத்தர் ஞாபகப்படுத்தணுமா? என் பொண்ணு பேரை வச்ச படகு!" ஒரே தாவு. ஃப்ரேயாவின் மேல்தளத்தில் நின்று கையை நீட்டினார். "வாங்கடா. அலைத்தடுப்பு என்ன, மீன் பிடிக்கற இடம் வரைக்குமே வரேன். எனக்கும் கடல் பார்த்து நாளாச்சு."

தீராவின் வாயில் இருந்து சுருட்டு கீழே விழுந்தது.

பிரெபென் அவளோடு இத்தனை வருஷம் சுற்றியிருக்கிறான். அந்த முகம் வெளுத்து அவன் பார்த்ததில்லை. ஆக்ஸெலுக்குத் தெரியாது! படகில் என்ன கோளாறோ, அது அவருக்குத் தெரியவே தெரியாது. இப்போது நான்கு பேர் இல்லை, ஐந்து பேர்.

இவெர் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தான்.

"நில்லுங்க!" என்று தீரா சொல்ல வாயெடுப்பதற்குள், பனிக்குள் இருந்து ஒரு கத்தல் வந்தது.

"ஏறாதே இவெர்! ஏறாதேடா! அடிப் பலகை! அடிப் பலகை உளுத்தது!"

ஆஸ்தா ஓடி வந்தாள். தலையில் துணி இல்லை, காலில் செருப்பு இல்லை. இவெரின் கோட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் பாலத்தில் விழுந்தார்கள்.

"என்னக்கா சொல்றே?"

"புதுப் பலகை போடல. மால்தே... அறுக்கும்போது புதுப் பலகை பிளந்துபோச்சு. வேற பலகை இல்ல. முதல் வேலை, துரத்திடுவாங்கன்னு பயந்துட்டான். பழைய பலகையையே திரும்ப வச்சு, தார் பூசி, மேல சாயம் அடிச்சுட்டான். சனிக்கிழமை சாப்பிடாம உக்காந்து அழுதான். அப்பதான் சொன்னான். நான் சொன்னா அவன் போச்சு. சொல்லலைன்னா நீங்க போச்சு. நான் என்னடா பண்ணுவேன்?"

ஆக்ஸெல் படகுக்குள் குனிந்தார். தரைப்பலகை ஒன்றைத் தூக்கும் சத்தம். கையை உள்ளே விட்டார். முழங்கை வரை நனைந்த சட்டையோடு எழுந்தார்.

"கட்டி நிக்கும்போதே இவ்வளவு தண்ணி" என்றார். குரல் அவருடையது போல இல்லை. "நான் பொண்டாட்டிகிட்ட ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவரைப் பிரெபென்தான் பிடித்து இறக்கினான்.

"அந்தப் பையன் எங்கே?" கூட்டத்தில் யாரோ பல்லைக் கடித்தார்கள். "அவனை இழுத்துட்டு வாங்க!"

ஆஸ்தா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. மாடி ஜன்னலில் வெளிச்சம் இல்லை.

"நான் ஓடி வரும்போது படியில நின்னான். நான் சொல்லப் போறேன்னு தெரிஞ்சுதான் நின்னான்..." அவள் கண்கள் பாலத்தின் படிக்கட்டுக்குப் போயின. அங்கே எப்போதும் கட்டியிருக்கும் அவர்களுடைய துடுப்புப் படகு இல்லை. ஈரக் கயிறு மட்டும் தண்ணீரில் கிடந்தது.

அவள் கத்தவில்லை. தண்ணீரைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

யெப்பே தொப்பியைக் கழற்றினார். "ஓர் ஆளைக் கேக்கும்னு சொன்னேனே" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"தொப்பியைப் போடுய்யா!" என்று சீறினாள் தீரா. "கோயில் மணியை அடிங்க. நிறுத்தாம அடிங்க. கரை எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

இவெர் ஏற்கெனவே பக்கத்துப் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் அவன் ஆட்களில் ஒருவன். "நம்மளை மீனுக்கு இரையாக்கப் பார்த்தவன்ணே."

"ஆமா. அதுக்குக் கணக்குத் தீர்க்கணும்னா அவன் உயிரோட வேணும். ஏறுடா."

"கப்பல் இன்னும் கடலைத்தான்..."

"மனுஷக் கைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்கல்ல? ஏறு!"

நான்கு பேரும் ஏறினார்கள். ஐந்தாவதாக ஆக்ஸெல். ஆறாவதாகத் தீரா தள்ளிவிட்டதில் பிரெபென்.

"மேடம், எனக்கு நீச்சல் தெரியாது!"

"உனக்குக் கத்தத் தெரியும். கத்து."

அலைத்தடுப்பைத் தாண்டியதும் உலகம் முடிந்துபோனது. மேலே வெள்ளை, கீழே கறுப்பு. இவெர் எஞ்சினை நிறுத்துவான். எல்லாரும் காது கொடுப்பார்கள். மணிச் சத்தம் எங்கோ பருத்தி மூட்டைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். பிரெபென் "மால்தே!" என்று கத்துவான். பதில் இல்லை. மறுபடி எஞ்சின். மறுபடி நிறுத்தம்.

ஒரு தடவை பிரெபெனுக்குத் தண்ணீரின் மேல் பாய்மரங்கள் தெரிந்தன. மூன்று. கறுத்தவை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பனிதான். "அந்தப் பக்கம் போங்க" என்றான், ஏன் சொன்னோம் என்று தெரியாமல்.

அந்தப் பக்கம்தான் இருந்தது துடுப்புப் படகு. துடுப்புகள் இல்லை. நடுவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். துடுப்புகளை அவனே தூக்கி எறிந்திருந்தான்.

"போங்க" என்றான் மால்தே. பற்கள் அடித்துக்கொண்டன. "என்னை விட்டுட்டுப் போயிடுங்க."

இவெர் கொக்கியால் படகை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தான்.

"ஏறுடா."

"எந்த முகத்தோட..."

"இருக்கற முகத்தோட ஏறு. அடிப் பலகையை எவன் போடுவான்? செத்துப்போன உங்கப்பன் எழுந்து வருவானா? பலகை பிளந்துபோச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஓர் அறையோட முடிஞ்சிருக்கும் கழுதை. இப்ப ஊரே வரிசையில நிக்குது."

பையன் அசையவில்லை. ஆக்ஸெல் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அவன் மேல் எறிந்தார்.

"நனைச்சுடாதே. புதுசு."

அப்போதுதான் மால்தே அழ ஆரம்பித்தான்.

கரை திரும்பியபோது ஆஸ்தா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். தீராவின் கோட்டு அவள் தோளில். படகில் ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். ஏழாவது தலையைப் பார்த்ததும் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். இவெர் மால்தேயைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் எதிரில் நிறுத்தினான். சொன்னபடியே ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு எல்லாரும் பையனை நடுவில் விட்டுக்கொண்டு, சூடாக எதையாவது குடிக்க விடுதிக்குப் போனார்கள். ஜெயிலா, வேலை போகுமா என்பதெல்லாம் நாளைக்கு. யெப்பேயின் மணி ஓய்ந்தது.

பாலத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல" என்றாள் ஆஸ்தா.

"நன்றி எல்லாம் வேண்டாம்க்கா" என்றான் பிரெபென். நடுக்கம் இன்னும் போகவில்லை, நாக்கு மட்டும் திரும்பி வந்திருந்தது. "அந்த ஹெரிங் மிச்சம் இருக்கா? அப்புறம் ஒண்ணு கேக்கணும். அந்தக் கப்பல் கம்பி துரு ஏறி இறுகிக் கிடக்கு. ஏணியில இருந்து நானே அசைச்சுப் பார்த்தேன், மயிரிழை நகரல. நீங்க ஒல்லியா இருந்துக்கிட்டு மாடத்துல இருந்து எப்படித் திருப்பினீங்க?"

ஆஸ்தா அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நான் எங்கே திருப்பினேன்?"

பனிமூட்டச் சங்கு ஊதியது.

"திருப்பத்தான் போனேன்" என்றாள் அவள். "இருட்டுல கையை நீட்டினேன். கொடி கையில பட்டுது. என்ன செய்யறேன்னு தெரியாம இறக்கிக் கட்டினேன். கட்டி முடிச்சதும்தான் சுயநினைவு வந்துச்சு. பாவம் செய்யறோம்னு பயம் வந்துடுச்சு. கப்பலைத் தொடக்கூட இல்ல. ஓடி வந்துட்டேன். காலையில கோயிலுக்குப் போறேன், அது கடலைப் பார்த்துக்கிட்டு நிக்குது."

பிரெபென் தேவாலயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மேடம்" என்றாள் ஆஸ்தா குரலைத் தாழ்த்தி. "இதை இவெர்கிட்ட சொல்லிடாதீங்க. மனுஷக் கைன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் இன்னிக்கு அவங்க பனியில போனாங்க. நாளைக்கும் போகணும்."

விடுதியின் கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சம் பாலம் வரை நீண்டது. இவெர் கோப்பையோடு நின்றான்.

"மேடம்! உள்ளே வாங்க! பசங்க விடமாட்டேங்கறானுங்க, இன்னொரு தடவை உங்க வாயால கேக்கணுமாம். மனுஷக் கைதானே? சத்தியமா?"

தீரா தேவாலயத்தின் பக்கம் திரும்பவில்லை. கீழே விழுந்த சுருட்டு ஈரமாகக் கிடந்தது. புதிதாக ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தாள். மூன்றாவது குச்சியில்தான் பற்றியது.

"மனுஷக் கைதான்" என்றாள் உரக்க. "சத்தியமா."

அவள் பொய் சொல்லி பிரெபென் கேட்டது அதுதான் முதல் தடவை.